பெர்மிட் வருவதற்குள்

செப்டம்பர் 12, செவ்வாய்

மகள் லிவாயைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சின்னவன் புடோய் ஒரு செருப்பை எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டான். மூன்று வயதுக்காரனிடம் எங்கே என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறான். வந்த வழியே திரும்பி நடந்து, அஞ்சலக வாசலில் கிடந்ததை எடுத்து வந்தேன்.

ஜெரலின் எங்களுக்குப் பிறகுதான் வீடு வந்தாள். விடியும்போதே முடிய வேண்டிய இரவு ஷிப்ட். மாற்றிவிட ஆள் வரவில்லையாம். "கூடுதல் நேரத்துக்கு எழுதிக் கொடுத்தியா?" என்றேன். "லினெட் பார்த்துக்கிறேன்னாங்க" என்றாள். ஜெரலின் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் லினெட் மேற்பார்வையாளர். ஜூலையிலும் பார்த்துக்கிறேன் என்றுதான் சொன்னாள்.

கருவாடு வறுத்தேன். மேலே இருந்து கிறிஸ்பின் மச்சான் மோப்பம் பிடித்து இறங்கி வந்தார். "என்ன மாப்ள, வீட்டுக்காரம்மாவுக்குச் சமையல் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அவருடைய பேஸ்மெண்டில்தானே குடியிருக்கிறோம். ஜெரலினுக்குப் பெரியப்பா மகன். கடல் கடந்து வந்த இந்த ஊரில் எங்களுக்கென்று இருப்பது அவரும் அவர் மனைவி மெர்லி அக்காவும்தான்.

செப்டம்பர் 13

என் பெர்மிட் என்னவாயிற்று என்று கணினியில் பார்த்தேன். 'பரிசீலனையில் உள்ளது.' நேற்றும் அதே. போன மாதமும் அதே.

செப்டம்பர் 21, வியாழன்

ஜெரலினுக்கு அந்த இல்லத்தில் மட்டும்தான் வேலை செய்ய அனுமதி. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு தம்ளர் கழுவினாலும் குற்றம். எனக்கு எங்கேயுமே கிடையாது. அவளுடைய கணவன் என்ற வகையில் எனக்கு வர வேண்டிய பெர்மிட் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அதுவரை நான் விருந்தாளி. குளிர்காலத்துக்கு ஜாக்கெட் வாங்கக்கூட மனைவியிடம் கை நீட்டுகிற விருந்தாளி.

இன்று காலை மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு பேச்சை ஆரம்பித்தார். ஏரிக்கரைக் கோடை வீடுகளைச் சுத்தம் செய்து பூட்டிக்கொடுப்பதுதான் அவர் தொழில். சீசன் முடிகிற நேரம். ஓர் ஆள் குறைகிறானாம்.

"நாளையிலிருந்து வா மாப்ள. கையில காசு. எவனோ ஒருத்தன் கக்கூஸைக் கழுவுறதுக்கு எந்த ஆபீசர் வந்து பெர்மிட் கேக்கப்போறான்?"

"ஜெரலின்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

"அதானே. முதலாளியம்மாவைக் கேக்கணும்ல."

கேட்டேன். தூக்கக் கண்ணோடு எழுந்து உட்கார்ந்தாள். "மாட்டினா உன்னை மட்டுமா அனுப்புவாங்க சிசோ? நாளைக்கு இங்கேயே தங்கணும்னு எழுதிப் போட்டா, இதைத்தான் முதல்ல தோண்டுவாங்க."

"ஊர்ல படகு ஓட்டினேன். குய்மராஸ் தீவுல பாதிப் பேரை அக்கரை சேர்த்தவன் நான். இங்க என்ன பண்றேன் சொல்லு?"

"புடோய்க்கு ஜட்டி மாத்துற. அது வேலை இல்லையா?"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மாலையில் தட்டுகளை டொக்கென்று வைத்தேன். லிவாய் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். ஆறு வயது.

செப்டம்பர் 24, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனோம். மச்சானிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "ஜனாதிபதியா வரப்போற, அதான் பேரைக் கெடுத்துக்க மாட்டேங்குற" என்றார். மெர்லி அக்கா அவர் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

அக்டோபர் 5, வியாழன்

ஜெரலினால் ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிய முடியவில்லை. கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் மண்டியிட்டு அவிழ்த்தேன். என்னாச்சு என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். வெந்நீர்ப் பை வைத்த பிறகு சொன்னாள். கனமான ஒரு கிழவர், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று விதி. இரண்டாவது ஆளை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். கிழவர் நழுவினார். கீழே விழாமல் இவள் தாங்கிக்கொண்டாள். கிழவருக்கு ஒன்றுமில்லை. இவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

விபத்து என்று எழுதிக் கொடுக்கக் கேட்டிருக்கிறாள். லினெட் கதவைச் சாத்திவிட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னாளாம்: "எழுதினா மேலேருந்து விசாரிப்பாங்க, ஜெரலின். உன் பெர்மிட் எங்க பேர்லதானே இருக்கு. பார்த்துக்கோ."

பார்த்துக்கோவாம். என்னத்தைப் பார்த்துக்கிறது? முதுகையா, பெர்மிட்டையா? ஊர்ல இவ மருத்துவச்சி. எத்தனை பிள்ளையை இந்தக் கையில ஏந்தினவ. இங்க வலிக்குதுன்னு சொல்லக்கூட ஒருத்திகிட்ட அனுமதி கேக்கணும்.

"நாளைக்குப் போகாதே" என்றேன்.

"போகலன்னா?"

வெந்நீர்ப் பைக்கு மறுபடி தண்ணீர் சுட வைத்தேன்.

அக்டோபர் 6

போனாள்.

அக்டோபர் 9, திங்கள்

விடுமுறை. நன்றி செலுத்தும் நாளாம், எல்லா வீட்டிலும் வான்கோழிக் கறி. இல்லத்திலும் விருந்தாம், ஜெரலினுக்கு வேலை. பிள்ளைகளை ஏரிக்கரை மீன்பிடித் துறைக்கு அழைத்துப் போனேன். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் நிற்கிறேன், புடோய் தோளில் இருக்க. கடல் போலவே இருக்கிறது ஏரி, உப்பு வாடை மட்டும் கிடையாது. படகுகள் கரைக்கு வரும்போது என்னையறியாமல் என் கை கயிற்றைப் பிடிக்க நீள்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

விடுமுறையானாலும் ஒரு படகு வந்தது. ஓட்டுபவர் எய்னார், அறுபது வயதிருக்கும், தாடியில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தலையசைப்பதோடு சரி. இன்று அருகில் வந்தார்.

"ஏம்ப்பா, தினம் வந்து என் படகை முறைக்கிறியே. வாங்கப்போறியா, திருடப்போறியா?"

ஊரில் படகு ஓட்டியதைச் சொன்னேன். இங்கே வருவதற்காக அதை விற்றதையும் சொன்னேன். என்ன இன்ஜின் என்று கேட்டார். சொன்னேன். அரை மணி நேரம் இன்ஜினைப் பற்றியே பேசினோம். எத்தனை மாதமாயிற்று இப்படிப் பேசி! லிவாய்க்குக் குளிரில் மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகுதான் நினைவு வந்தது.

"பனிக்காலத்துக்கு எனக்கு ஆள் வேணும். ஏரி உறைஞ்சதும் ஐசுக்கு அடியில வலை போடுவோம். வர்றியா?"

"பெர்மிட் இன்னும் வரல."

"அப்ப வராதே. ஒருதடவை அப்படி ஒருத்தனை வச்சிருந்தேன். எனக்கு அபராதம். அவனுக்கு அதைவிட மோசம்." கையுறையை மாட்டிக்கொண்டார். "பெர்மிட் வந்ததும் வா. அதுக்கு முன்னாடி இந்தக் கயித்தைத் தொட்டா உதைப்பேன்."

வழியெல்லாம் புடோய் "உதைப்பேன், உதைப்பேன்" என்று பாடிக்கொண்டு வந்தான்.

அக்டோபர் 17

பரிசீலனையில் உள்ளது.

ஜெரலின் மாத்திரை போட்டுக்கொண்டு போகிறாள். நாற்காலியில் உட்காரும்போது முதலில் கையை ஊன்றிக்கொள்கிறாள், கர்ப்பிணி மாதிரி.

அக்டோபர் 23, திங்கள்

இன்று ஏறிவிட்டேன். மச்சானின் வேனில்.

காலையில் முடிவு செய்தேன். இவள் முதுகு உடைந்து படுத்தால் பெர்மிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் கொஞ்சம் சம்பாதித்தால் இவள் ஒரு வாரமாவது படுக்கலாம். புடோயை மெர்லி அக்காவிடம் விட்டேன். ஜெரலின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சோற்றுப் பொட்டலத்தை நானே கட்டிக்கொண்டேன்.

வேனின் பின்சீட்டில் ரோமெல் என்று ஒரு பையன், எங்கள் நாட்டுச் செபு ஊர்க்காரன். கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. பல். "டாக்டர்கிட்ட போகலையா?" என்றேன். முன்சீட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினான். வேறொரு கம்பெனிக்கு வந்தவன், அது மூடிவிட்டது, பெர்மிட் காலாவதி. மச்சானிடம் போன மாதச் சம்பளம் பாக்கி. அதற்கு முந்தைய மாதத்ததும்.

"கேட்டியா?"

"கேட்டேன்ணே. யார்கிட்ட வேணா போய்ச் சொல்லிக்கோன்னு சிரிக்கிறாரு. யார்கிட்டப் போய்ச் சொல்ல?" கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான். "ஒரே ஒரு நாள்தான்னு சொல்லித்தான் நானும் ஏறினேன்."

மச்சான் முன்னாலிருந்து, "என்னடா குசுகுசு? மாப்ளைய பயமுறுத்தாதே" என்றார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

நெடுஞ்சாலைத் திருப்பத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார். இறங்கினேன். "மச்சான், நான் வரல."

"விளையாடுறியா? அங்க அஞ்சு வீடு காத்துக்கிட்டு இருக்கு."

"வரல."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு, என் வேலைய மட்டும் செய்ய மாட்டே. அவ்வளவு பெரிய மனுஷனா நீ?" எல்லோர் எதிரிலும் கத்தினார். பெட்ரோல் போட வந்தவர்களுக்கு எங்கள் பாஷை புரியாது. அதுவே பெரிய உதவி.

சாலை ஓரமாகவே நடந்து வந்தேன். முகத்தில் பனித்தூறல் ஊசியாகக் குத்தியது. ரோமெலையும் இறங்கச் சொல்லியிருக்க வேண்டுமா? இறங்கி எங்கே போவான்?

வீட்டுக்கு வந்ததும் ஜெரலின் என் காலுறையை வாங்கி ஹீட்டர் மேல் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரோமெலின் கன்னத்தைச் சொன்னபோது மட்டும், "எந்தப் பக்கம்? காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டாள். பிறகு மெர்லி அக்காவிடம் போய், அவனை நகரத்தில் இலவசப் பல் மருத்துவம் பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போகும்படி சண்டை பிடித்துவிட்டு வந்தாள். குனிய முடியாதவள்.

அக்டோபர் 24

மச்சான் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பேஸ்மெண்டுக்கு மெர்லி அக்காவின் தங்கை வருகிறாளாம். அக்காவுக்குத் தங்கையே கிடையாது.

அக்டோபர் 26

அக்கா ஒரு சட்டி நூடுல்ஸோடு கீழே வந்தாள். "எனக்கே தெரியாம எனக்கு ஒரு தங்கச்சி பிறந்திருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் வரை யாரும் எங்கேயும் போக வேண்டாம், அவரிடம் பேசியாயிற்று என்றாள். "ரோமெலுக்குப் பல்லைப் பிடுங்கியாச்சு. அவன் சம்பளத்தையும் நானே வாங்கிக் கொடுக்கிறேன். வீடு என் பேர்லயும் இருக்குல்ல."

ஜெரலின் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது இந்த நாட்டில் இதுதான் முதல்முறை.

அக்டோபர் 31

மாறுவேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள். லிவாய்க்குத் தேவதை உடை. அதற்கு மேல் பனிக்கோட்டு. எந்த வீட்டிலும் தேவதை தெரியவில்லை. மிட்டாய் மட்டும் பை நிறைய.

நவம்பர் 15, புதன்

வந்துவிட்டது.

புடோயைக் கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டுக் கைபேசியில் பார்த்தேன். 'ஒப்புதல் வழங்கப்பட்டது.' திரும்பவும் பார்த்தேன். என் பெயர்தான். நார்சிசோ. எந்த முதலாளியிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது. புடோய் "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கத்திக்கொண்டே இருந்தான். ஆமாம்டா, முடிஞ்சுது.

ஜெரலின் தூங்கிக்கொண்டிருந்தாள். கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

மாலையில் மச்சான் பீர் பாட்டில்களோடு இறங்கி வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "இப்ப சட்டப்படியே கூப்பிடுறேன், வர்றியா?"

"சம்பளச் சீட்டு கொடுப்பீங்களா மச்சான்?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பாட்டில்களை வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

நவம்பர் 17, வெள்ளி

எய்னாரின் கொட்டகை. பெர்மிட்டைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "ஏரி உறைய இன்னும் நாளிருக்கு. அதுவரை வலையைச் சரி பண்ணு" என்றார். பிறகு, நான் இத்தனை நாள் தொடாமலிருந்த அந்தக் கயிற்றை எடுத்து என் கையில் திணித்தார். "இப்ப பிடி."

புடோய்க்கு அக்கா வீட்டில் பகல் காவல். காலையில் அழுதானாம். நானும் கொட்டகையில் இரண்டு முறை தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், கனம் இல்லையே என்று.

நவம்பர் 29

ஜெரலின் எழுதிக் கொடுத்துவிட்டாள். விபத்து நடந்த நாள், கிழவர், இல்லாத இரண்டாவது ஆள், லினெட் கதவைச் சாத்தியது, எல்லாம்.

லினெட் மறுபடியும் அதே அன்போடு பெர்மிட்டைப் பற்றி ஆரம்பித்தாளாம். இவள் சொன்னது: "என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிருக்கு. நீங்க உங்க வேலையைப் பார்த்துக்கோங்க."

எனக்கு முதலில் பெருமை. பிறகு பயம். என் ஒருவன் சம்பளத்தில் நான்கு பேர். இவள் பெர்மிட்டை வைத்துத்தான் எனக்கே பெர்மிட் வந்தது, இவளை அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் என்ன ஆகும்? இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "தெரியல" என்றாள். "ஆனா இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிடுறேன் பாரு." உண்மை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 14, வியாழன்

இன்று முதல்முறை ஐசுக்கு மேல் போனேன். தண்ணீர் மேல் பிறந்து வளர்ந்தவன், தண்ணீர் மேல் காலை வைக்கப் பயந்து கரையில் நின்றேன். எய்னார் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, கயித்தை வச்சு இழுக்கணுமா?"

போனேன். நடுவில் ஏரி உறுமியது. வயிற்றுக்குள் கேட்கிற உறுமல். உட்கார்ந்துவிட்டேன். "அது ஐஸ் கனமாகுற சத்தம். சத்தமே போடலன்னாதான் பயப்படணும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், பொய் சொல்கிறாரா என்று. சொல்லவில்லை.

துளை போட்டு, ஒரு பலகையை ஐசுக்கு அடியில் ஓடவிட்டு, அதன் பின்னால் கயிறு, கயிற்றின் பின்னால் வலை. விரல் செத்துவிட்டது. மதியம் வலையை இழுத்தோம். மீன் வெளியே வந்ததும் அப்படியே விறைத்துப்போகிறது. ஒரு பெரிய பிக்கரல் மீனை என் பக்கம் தள்ளினார். புளி போட்டுக் குழம்பு வைத்தேன். லிவாய் முள்ளைக்கூட நக்கினாள்.

ஜனவரி 6, சனி

வீடு மாறினோம். இரும்புக் கடைக்கு மேல் மாடி, இரண்டு அறை. ஜன்னல் இருக்கிறது! மச்சானே வேனில் சாமான் ஏற்றி வந்தார். படியேறும்போது மெத்தையின் அந்த முனையிலிருந்து, "கோபமா மாப்ள?" என்று கேட்டார். "தூக்குங்க மச்சான்" என்றேன்.

ஜனவரி 18, வியாழன்

விசாரணைக்கு ஆள் வந்து போனபின் ஜெரலினுக்கு ஷிப்ட்டே போடுவதில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. வாரம் ஒருமுறை நூலகத்தில் வந்து உட்காரும் குடியேறியோர் மையத்துப் பெண்ணிடம் போனோம். இப்படி நடத்தப்படுகிறவர்கள் வேறு இடத்தில் வேலை செய்யத் தனிப் பெர்மிட் கேட்கலாம் என்றாள். கேட்டாயிற்று. திரும்பவும் 'பரிசீலனையில் உள்ளது.' இந்த முறை ஜெரலின் கைபேசியில்.

முதுகுக்கு வைத்தியம் நடக்கிறது. காய உதவித்தொகையும் வர ஆரம்பித்துவிட்டது. பகலில் புடோய்க்கு அவள்தான் ஜட்டி மாற்றுகிறாள். "இதுவும் வேலைதான்னு அன்னிக்கு நீதானே சொன்னே" என்றேன். தலையணை பறந்து வந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

ரோமெல் வந்திருந்தான். சம்பளப் பாக்கி கிடைத்துவிட்டதாம், அக்கா உபயம். எய்னாரிடம் சொல்லி வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்டான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெர்மிட் இல்லாமல் அவர் எடுக்க மாட்டார். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. சூடாகச் சாப்பிட்டான். நூலகத்துப் பெண்ணைப் பார்க்க அழைத்துப் போகிறேன் என்றேன். "பிடிச்சுக் கொடுத்துடுவாங்களாண்ணே?" என்றான். அவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று ஜெரலின் சொன்னாள். தலையாட்டினான். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னான்.

பிப்ரவரி 15

ரோமெல் வரவில்லை. வின்னிபெக் நகரத்தில் யாரிடமோ வேலைக்குப் போய்விட்டானாம். கைபேசி எண்ணும் மாறிவிட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெரலினுக்குப் பெர்மிட் வந்துவிட்டது. வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பகல் நேரம். நாளை மறுநாள் நேர்காணல். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தேன். காலரில் ஓரிடம் பொசுங்கிவிட்டது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

ஜெரலினுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. நாளை சேர வேண்டும்.

எய்னார் இன்று வலை எடுக்கவில்லை. ஐஸ் மேல் இருக்கும் தன் சிறிய மரக்குடிசையின் சாவியைக் கொடுத்து, குடும்பத்தோடு போய்வா என்றார். பனிவண்டியின் பின்னால் சறுக்குப் பலகையைக் கட்டி மூன்று பேரையும் உட்காரவைத்து இழுத்துப் போனேன். கரை தெரியும் வரை ஜெரலின் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

அடுப்பு மூட்டி மீன் பொரித்தேன். பிள்ளைகள் வெளியே பனியில் உருண்டார்கள். தட்டை வைக்கத் திரும்பினால், ஜெரலின் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. லிவாய் ஓடி வந்து கதவைத் திறந்தாள், "அம்மாவ எழுப்பவா?"

"வேண்டாம்."

"வேலைக்கு நேரமாகலையா?"

"இல்லடா. கதவைச் சாத்து, குளிர் வருது."

இன்னொரு விறகை அடுப்பில் வைத்துவிட்டு நானும் வெளியே போனேன். மதியம்தான் ஆகியிருந்தது.